மலைக்கு அனுப்புற வண்டிக்கு பிரேக் பாக்க மாட்டீங்களா?

கண்ணை மூடினா அந்தக் கருகல் வாசனைதான் வருது. திருமலையில இருந்து இறங்கும்போது வண்டிக்குள்ள அடிச்ச வாசனை. நாலு நாள் ஆச்சு, இன்னும் கோபம் அடங்கல.

சென்னையில ஒரு கம்பெனில செல்ஃப் டிரைவ் கார் எடுத்தேன். மூணு நாள். திருத்தணி, புத்தூர் வழியா திருப்பதி, மறுநாள் மலை, அப்புறம் காளஹஸ்தி, சந்திரகிரி கோட்டை, தலக்கோனம் அருவி. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், அலிபிரியில 3,550 படி ஏற வழியே இல்ல. பஸ்ல ஏறி இறங்கறதும் கஷ்டம். அதனாலதான் கார். "மலைக்குப் போறோம், வயசானவங்க வர்றாங்க, வண்டி சரியா இருக்கணும்"னு புக் பண்ணும்போதும் சொன்னேன், சாவி வாங்கும்போதும் சொன்னேன். "சர்வீஸ் முடிஞ்ச வண்டி சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க"ன்னாங்க.

சாவி குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு பையன் வண்டியைச் சுத்திச் சுத்தி வீடியோ எடுத்தான். பம்பர்ல நகக் கீறல் அளவுக்கு ஒரு கோடு, அதுக்குத் தனியா ஒரு போட்டோ. வீல் கப்புக்கு ஒண்ணு. சீட் கறைக்கு ஒண்ணு. இருபது நிமிஷம்! அவ்வளவு நேரத்துல ஒருத்தன் குனிஞ்சு டயரைப் பாக்கல. சக்கரத்து டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்கல. பெயின்ட்டுக்கு இருக்கிற மரியாதை உள்ள உக்காந்து போற உயிருக்கு இல்லையா?

டயர் லட்சணம் திருப்பதி லாட்ஜ் வாசல்லதான் தெரிஞ்சது, செல்போன் டார்ச் வெளிச்சத்துல. டயரோட காடிப் பள்ளத்துக்குள்ள சின்னச் சின்ன மேடு இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன், அதாவது ரோட்டைத் தொடுற மேல் ரப்பர், தேய்ஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா டயரோட ஆயுசு முடிஞ்சதுன்னு அர்த்தம். பின் இடது டயர் அப்படித்தான் இருந்தது. அப்பவே திரும்பியிருக்கணும். ஆனா தரிசன டிக்கெட் மறுநாள் காலையில. அம்மா மாசக்கணக்கா காத்திருந்த டிக்கெட். ஸ்டெப்னியை மாத்திக்கிட்டுக் கிளம்பினோம். அலிபிரி செக்போஸ்ட்ல ஃபாஸ்டேக்ல காசே இல்லைன்னு தெரிஞ்சது தனிக் கதை, அதை விடுங்க.

ஏறும்போது எதுவும் தெரியாது, இன்ஜின் இழுக்கும். இறங்குறதுலதான் வண்டியோட யோக்கியதை தெரியும். இறங்குறது 1944-ல திறந்த பழைய பாதை, வளைவுக்கு மேல வளைவு. ஏற 28 நிமிஷத்துக்குக் குறையக் கூடாது, இறங்க 40 நிமிஷத்துக்குக் குறையக் கூடாதுன்னு அங்க விதியே இருக்கு. நான் ரெண்டாவது கியர்லதான் இறங்கினேன். நியூட்ரல்ல விடல, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வரல. பாதி வழியில ஒரு வளைவுல மிதிச்சப்போ பெடல் மெத்துன்னு உள்ள போச்சு. முன் சக்கரத்துல இருந்து இரும்போட இரும்பு உரசுற சத்தம். அப்புறம் அந்த வாசனை. பின் சீட்ல அம்மா "கோவிந்தா கோவிந்தா"ன்னு ஆரம்பிச்சவங்க நிறுத்தவே இல்ல. முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து ஓரம் கட்டினேன். கை நடுங்கிக்கிட்டே இருந்தது.

பின்னாடி வந்த ஒரு டாக்ஸிக்காரர் தானா நிறுத்தி, சக்கர ஓட்டை வழியா எட்டிப் பாத்தார். "பேட் அயிபோயிந்தி அண்ணா"ன்னார், பேட் தீந்துபோச்சுன்னு தெலுங்குல. சூட்டோட தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் கோணிக்கும்னு சொல்லி, நல்லா ஆறினப்புறம் முதல் கியர்லயே முன்னாடி வழிகாட்டி அடிவாரம் வரைக்கும் கூட்டிட்டு வந்தார். அந்த மனுஷனுக்கு எங்க வீடே கடன்பட்டிருக்கு.

கம்பெனிக்கு நாலு தடவை போன் பண்ணேன். கடைசியா எடுத்தவர் சொன்னது: "மலையில பிரேக்கை அழுத்திக்கிட்டே வந்திருப்பீங்க, அது ஓட்டுறவங்க தப்பு." புது பேட் சுமாரா பத்து மில்லிமீட்டர் கனம் இருக்கும், மூணுக்கு வந்தாலே மாத்தணும். திருப்பதி மெக்கானிக் கழட்டிக் காட்டினதுல ஒரு பக்கம் வெறும் தகடு. ஒரே இறக்கத்துல அவ்வளவும் தேயுமா? "எஃப்.சி. கரண்ட்ல இருக்கு சார்"னு அடுத்த பதில், அதாவது வண்டியோட தகுதிச் சான்றிதழ் இன்னும் செல்லுமாம். எஃப்.சி. வாங்கின அன்னைக்கு பேட் இருந்திருக்கும், இன்னைக்கு இருந்ததா?

பேட் மாத்தின 3,200 ரூபாய் என் காசு. சந்திரகிரியும் இல்ல, தலக்கோனமும் இல்ல. காளஹஸ்திக்கு மட்டும் ஓடிப் போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தோம். திரும்பி வந்து வண்டியை விட்டா, அதே பையன், அதே வீடியோ. "எங்க மெக்கானிக் இல்லாம வெளியில கை வெச்சுட்டீங்க"ன்னு டெபாசிட்ல 4,000 பிடிச்சுட்டாங்க. உயிரைக் காப்பாத்திக்கிட்டதுக்கு அபராதம்!

அதைவிட என்னைக் கொதிக்க வெச்சது வேற. நான் கையெழுத்து போடும்போதே அந்த வண்டிக்காக அடுத்த குடும்பம் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தது. ரெண்டு சின்னப் பசங்க. ஏற்காடு போறாங்களாம். கவுன்ட்டர்ல இருந்தவர் முறைக்க முறைக்க, அந்த அப்பாவைக் கூட்டிட்டுப் போய் பின் டயரைத் தொட்டுப் பாக்கச் சொன்னேன். தேய்ஞ்ச டயரை அவசரமா மறுபடி மாட்டி வெச்சிருந்தாங்க. அவர் விரலை எடுத்துட்டு ஒண்ணும் பேசல. நேரா உள்ள போய் சாவியை மேஜை மேல வெச்சுட்டார்.