112ஆம் பக்கத்தின் மேல்பாதி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் 140 மெசேஜ். இங்கே அமெரிக்காவில் எங்கள் பகுதித் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், ஒரே ஒரு புத்தகத்தைப் பற்றி: இந்த வயசுக்கு அது வேண்டாம், பள்ளிப் பட்டியலிலிருந்து தூக்க வேண்டும் என்று. பொறுக்க முடியாமல் கேட்டேன்: "இதுல எத்தனை பேர் புத்தகத்தைப் படிச்சீங்க?" ஒருவரும் பதில் சொல்லவில்லை. அஞ்சு நிமிஷம் கழித்து, காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்த அதே பக்கத்தின் போட்டோ மறுபடியும் வந்து விழுந்தது.

விஷயம் இதுதான். ஏழாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் படிக்கப் பள்ளி 12 புத்தகங்களின் பட்டியல் கொடுத்தது. எந்த இரண்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எதுவும் சரிப்படவில்லை என்றால் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வேறு புத்தகம் படிக்கலாம் என்றும் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

பட்டியலில் இருக்கும் அந்தப் புத்தகத்தை இரண்டே இரவில் படித்து முடித்தேன். கதையின் பெரும்பகுதி, அப்பாவுக்கு வேலை போன வீட்டில் ஒரு பையன் படும் பாடு. கூடவே, பள்ளி இசைக்குழுவில் தன்னோடு வாசிக்கும் இன்னொரு பையனைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்பது அவனுக்கு மெல்லப் புரிகிறது. 112ஆம் பக்கத்தில், பஸ்ஸில் இருவரும் கை கோத்துக்கொள்கிறார்கள். முத்தம்கூட இல்லை. குழுவில் சுற்றும் போட்டோவில் அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி இல்லை, யாரோ வெட்டியிருக்கிறார்கள். கீழ்ப்பாதியில் அந்தப் பையன் பயந்துபோய்க் கையை உதறுகிறான். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடக்கிறான். பெற்றோர் படிக்க வேண்டிய இடமே அதுதான். அதைத்தான் வெட்டி எறிந்திருக்கிறார்கள்!

இதே பட்டியலில் ஒரு போர் நாவல் இருக்கிறது, அதில் பிணங்கள் விழுகின்றன. இன்னொன்றில் ஒரு பையனும் பெண்ணும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். அவற்றைப் பற்றி ஒரு மெசேஜ்கூட இல்லை. அப்படியென்றால் வயசைக் காரணம் சொல்லாதீர்கள்.

"கோர்ட்டே நம்ம பக்கம்தான்" என்று ஒருவர் போட்டார். அதையும் சரியாகப் படிக்கவில்லை. 2025 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் மஹ்மூத் எதிர் டெய்லர் வழக்கில் 6-3 பெரும்பான்மையில் சொன்னது, மேரிலாந்தில் மத நம்பிக்கை காரணமாகத் தங்கள் பிள்ளையை இத்தகைய கதைப் பாடங்களிலிருந்து விலக்கிக்கொள்ளக் கேட்ட பெற்றோருக்குப் பள்ளி முன்கூட்டியே தகவல் சொல்லி, விலக்கும் தர வேண்டும் என்பதுதான். புத்தகத்தையே தூக்கிவிடுங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் பிள்ளை படிக்க வேண்டாமா? சரி, அது உங்கள் உரிமை, அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. என் பிள்ளையின் கையிலிருந்து ஏன் பிடுங்குகிறீர்கள்?

இதுவும் புதுசில்லை. 2021-22 பள்ளி ஆண்டில் நாடு முழுக்க வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகப் புகார்களை வாஷிங்டன் போஸ்ட் அலசியது. அவற்றில் 60 சதவீதம் வெறும் 11 பேர் கொடுத்தவை. பதினொரு பேர்! மீதிப் பேர் பேசாமல் இருக்கிறோம், பட்டியல் மாறிவிடுகிறது.

அப்புறம் "நம்ம கலாச்சாரம்" வந்தது. வரும் என்று தெரியும். நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல், காதலித்துச் சேர்ந்து வாழ விரும்பிய இரண்டு பெண்களின் வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகுதான் உத்தரவு எழுதினார். ஒரு நீதிபதி அப்படிச் செய்கிறார். நீங்கள் 200 சொச்சம் பக்கத்தைப் புரட்ட மாட்டீர்களா?

"சிஸ்டர், உங்க பொண்ணே நாளைக்கு இப்படி வந்து நின்னா?" என்று ஒருவர் கேட்டார். நின்றால் என் பொண்ணுதான். வேறு யார்?

என் நெஞ்சைப் பிசைவது வேறு ஒன்று. மகளின் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு இரண்டு அம்மா. எங்கள் வீட்டு சோபாவில் எத்தனையோ இரவு தூங்கியவள். இந்தக் குழுவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டில் கேட்டதைப் போய் அவளிடமே சொல்லியிருக்கிறார்கள், "அசிங்கம்" என்ற வார்த்தை உட்பட. அவள் என் மகளிடம் கேட்டாளாம், "உன் அம்மாவும் அந்த குரூப்ல இருக்காங்களா?" என்று. இருக்கிறேன். 140 மெசேஜ் வரும்வரை வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன்.

இதற்குள் பள்ளியிலிருந்து மெயில் வந்துவிட்டது, பட்டியலை மறுபரிசீலனை செய்கிறார்களாம், அதுவரை அந்தப் புத்தகம் கிடையாதாம். செவ்வாய்க்கிழமை ஸ்கூல் போர்டு கூட்டம். பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன், ஆளுக்கு இரண்டு நிமிஷம். வீட்டில் கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டேன். 112ஆம் பக்கத்தைக் கடைசி வரி வரை வாசிக்க அது போதும்.