கறுத்த முகத்துக்கு எப்போதும் +1 தேவையில்லை

மேலே ஒரு அண்ணா, கறுத்த தோல் உள்ளவர்களை எடுக்கும்போது கமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எடுக்கும் வெளிச்ச அளவை, எப்போதும் +1 (ஒரு படி) கூட்டி வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார், நாலைந்து பேர் அதை அப்படியே பகிர்ந்தும் இருக்கிறார்கள்.

குறை நினைக்காதீர்கள் அண்ணா, அந்த "எப்போதும்" தான் பிழை. கமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு முன்னால் நிற்பது தோலா துணியா என்று அதற்குத் தெரியாது, வருகிற வெளிச்சத்தை மொத்தமாக ஒரு நடுச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். இரணைமடுக் குளக்கட்டில் வெளிறிய வானம் பின்னால் இருக்க ஆளை நிறுத்தினால் முகம் இருண்டுபோகும், சரி, அங்கே கூட்டத்தான் வேண்டும். ஆனால் அதே ஆளைப் பாலை மர நிழலில் இருத்தி முகத்தை நெருக்கமாக எடுத்தால் மீட்டர் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அதற்கு மேல் நாமும் +1 வைத்தால் நெற்றியும் மூக்கு நுனியும் வெளிறி, நல்ல மண்ணிறத் தோல் சாம்பல் பூசினது போல வரும். அங்கே குறைக்க வேண்டும்.

நம்பாவிட்டால் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கறுப்புச் சேலையையும் வெள்ளை வேட்டியையும் ஒரே நிழலில் கொடியில் போட்டு, லென்ஸ் துளையை நாம் வைக்க மீதியைக் கமரா பார்த்துக்கொள்ளும் ஏபர்ச்சர் மோடில் (A அல்லது Av), கூட்டல் குறைத்தல் எதுவும் இல்லாமல் 0-இல் வைத்து, துணி மட்டும் ஃபிரேமை நிரப்பும்படி தனித்தனியாக எடுங்கள். சேலை நரைத்திருக்கும். வேட்டி ஒரு கிழமை தோய்க்காதது போல இருக்கும்.