பத்து நிமிடம் பெருக்கினால் பிள்ளை தேய்ந்துவிடுமா?

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வகுப்பறையைப் பெருக்கும் அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கிளம்பி, ஊரெல்லாம் சுற்றி, நேற்று திருநெல்வேலியிலிருந்து என் சித்தி "இது ஒம் பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடமாட்டி?" என்று எனக்கே அனுப்பிவிட்டார். அதில் முறத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ரெட்டைச் சடை என் மகள்தான். சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தச் சிரிப்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். கேக், சிப்ஸ், திருகினால் ஜிகினா கொட்டுமே அந்தக் குழாய். தரையெல்லாம் குப்பை. "நாம போட்டதை நாமே எடுத்துடலாமா?" என்று கேட்டு, மிஸ் தானும் குனிந்து, வகுப்பில் இருந்த அத்தனை பேரோடும் பத்து நிமிடம் பெருக்கியிருக்கிறார். அதற்குப் பெயர் குழந்தைத் தொழிலாளர் கொடுமையாம்! மறுநாள் அந்த மிஸ் குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதற்கு 41 கட்டைவிரல். உட்கார்ந்து எண்ணினேன்.

தான் போட்ட குப்பையைத் தானே எடுப்பதும் படிப்புதான். இதைக் குழுவில் மூன்று முறை எழுதிவிட்டேன், இங்கே நான்காவது முறை.

பெரிய வகுப்பில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என்று ஒரு பாடம் வரும். 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்த 51ஏ பிரிவு. பொதுச் சொத்தைக் காக்க வேண்டும், இயற்கைச் சூழலைக் காக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. மனப்பாடம் செய்து எழுதினால் ஐந்து மதிப்பெண், எட்டு வயதில் கையால் செய்து பார்த்தால் கொடுமையா? அக்டோபர் 2 அன்று ஏற்கெனவே பெருக்கி முடித்த வாசலில் புது விளக்குமாற்றோடு இதே பிள்ளைகளை நிறுத்திப் போட்டோ எடுத்தபோது யாருக்கும் மனம் பதறவில்லையே.

இதில் இன்னொரு வேடிக்கை. வீடியோவைப் பரப்பிய அதே அப்பாதான், 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஜப்பான் ரசிகர்கள் ஆட்டம் முடிந்ததும் அரங்கத்தில் குப்பை பொறுக்கிய வீடியோவை, ஆறு கைதட்டலோடு அனுப்பியவர். சார், அந்தப் பழக்கம் அவர்களுக்கு விமானத்தில் வரும்போது வந்ததா? அங்கே பெரும்பாலான பள்ளிகளில் சின்ன வகுப்பிலிருந்தே பிள்ளைகள்தான் வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிறார்கள். சோஜி என்று அதற்குத் தனி நேரமே உண்டு. ஜப்பான்காரப் பிள்ளை பெருக்கினால் ஒழுக்கம், நம் பிள்ளை பெருக்கினால் அவமானம்.

"ஃபீஸ் கட்டுகிறோம், ஆயாம்மா எதற்கு இருக்கிறார்?" என்று ஒருவர். அந்த ஆயாம்மாவின் பெயர் தெரியுமா உங்களுக்கு? சரி, விடுங்கள்.

சாதியைச் சொல்லி எதிர்த்தவர்களுக்கு மட்டும் நான் நின்று பதில் சொல்ல வேண்டும். நான் படித்தது கிராமத்து யூனியன் பள்ளி. முறை போட்டுத்தான் பெருக்குவோம். முறை என்றால் பெண் பிள்ளைகளுக்குள் மட்டும். கக்கூஸுக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் எப்போதும் ஒரே பையனைத்தான் அனுப்புவார்கள். ஏன் அவனை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாடப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் "தீண்டாமை ஒரு பாவச்செயல்" என்று இருக்கும், அதைச் சத்தமாகப் படித்துவிட்டு ஜன்னல் வழியே அவன் வாளி தூக்கிப் போவதைப் பார்ப்போம். ஐந்தாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். எட்டு வயதில் நான் என்ன சொல்லியிருக்க முடியும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பத்து வயதிலும் சொல்லவில்லை.

அதனால் அந்தக் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆளைப் பார்த்து, சாதி பார்த்து, கழிவறைக்கு அனுப்பினால் அது குற்றம், நானே போய்ப் புகார் கொடுப்பேன். இங்கே நடந்தது வேறு. மொத்த வகுப்பும், கூடவே மிஸ்ஸும். ஒரு வகையில், என் பள்ளியில் அன்று நடந்திருக்க வேண்டியது இதுதான். அப்புறம், குழுவில் சாதிக் கொடுமை என்று நீளமாக எழுதிய அந்த அம்மா வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்குத் தனி டம்ளர். கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள் சொல்கிறேன்.

"உங்கள் பெண் வீட்டில் பெருக்குகிறாளா?" என்று கேட்டீர்கள். பாதி நாள் இல்லை. நல்லவேளை, என் வீட்டுக்காரரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"சமூக சேவகி மேடம்" என்று ஒருவர் எழுத, அதற்கும் சிரிப்பு எமோஜிகள். அவர்களில் இரண்டு பேருக்கு, போன மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் ராத்திரி பத்து மணிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தது இந்த மேடம்தான். சொல்லிக்காட்டக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

இன்று காலை பள்ளியிலிருந்து சுற்றறிக்கை. இனிமேல் வகுப்பறையில் பிறந்தநாள் கொண்டாட்டமே கிடையாதாம். என் மகளுக்கு அடுத்த மாதம் ஒன்பது முடிகிறது. படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானே பெருக்கிடுறேன்னு மிஸ்கிட்ட சொல்றியாம்மா?" என்றாள்.