கவனம் இருந்தும் கதவு திறக்கும்

சைக்கிள்காரர்கள் கவனமாக ஓட்டினாலே விபத்து குறையும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, நான் காலையில் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி தியானம் முடித்துவிட்டுத்தான் சென்னை வேளச்சேரியிலிருந்து சைக்கிள் மிதிக்கிறேன். பின்னால் ஹாரன் அலறும்போது எழும் கோபத்தைப் பார்த்து விட்டுவிட அது உதவுகிறது. ஓரமாக நிற்கும் கார் சட்டென்று கதவைத் திறந்தால்? மூச்சைக் கவனித்து என்ன பயன்!

புத்தர் சொன்ன சார்புத் தோற்றமும் இதுதானே: இது இருப்பதால் அது நிகழ்கிறது. அகலமான சாலை வேகத்தைத் தூண்டுகிறது. 50 கிலோமீட்டர் வேக வண்டியின் மோதல் ஆற்றல், 30இல் வருவதைவிடக் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. நடை, சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென 2014இலேயே கொள்கை வகுத்தது சென்னை மாநகராட்சி. பாண்டி பஜாரில் நடைபாதை அகன்றது, அப்புறம்? தரமணி சாலையில் இன்றும் வடிகால் மூடியைச் சுற்றித்தான் வளைந்து போகிறேன்.