இரவல் வாங்கிய சுத்தியல்

2014ஆம் ஆண்டு மார்வெல் காமிக்ஸில், புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ஜேன் ஃபாஸ்டர் என்ற பெண்ணின் கைக்கு, இடியின் கடவுளான நாயகன் தோரின் சுத்தியலும் அதோடு தோர் என்ற பெயரும் வந்தபோது நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஆனால் 2018இல் பழைய தோரே அந்தப் பெயரை மீண்டும் எடுத்துக்கொண்டார். நிலைபெற்ற நாயகர்களின் பாலினத்தையும் இனத்தையும் மாற்றுவதில் என்னை எரிச்சலூட்டுவது இதுதான்: புதியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரவல் உடை, அதுவும் சில ஆண்டுகளுக்கு மட்டும். 2011இல் அறிமுகமான, கறுப்பின-லத்தீன் வம்சாவளிச் சிறுவன் மைல்ஸ் மொராலஸும் ஸ்பைடர்மேன் என்னும் பழைய பெயரைத்தான் ஏற்றார் என்றாலும், அவருக்கென்று ஒரு குடும்பமும் தனி அச்சங்களும் பொறுமையாக எழுதப்பட்டதால் நிலைத்தார். அந்த உழைப்பைத் தவிர்த்துவிட்டுத் தோலின் நிறத்தை மட்டும் மாற்றி வரைவது பழைய வாசகரையும் புதிய வாசகரையும் ஒருசேர ஏமாற்றுவதாகும். 1975இலேயே ஸ்டார்ம் என்ற கறுப்பினப் பெண்ணைச் சொந்தப் பெயரோடும் சொந்த ஆற்றலோடும் படைத்த துறைக்கு, இன்று இத்தனை தயக்கம் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.