அருகிலுள்ள இரட்டை விண்மீன் விரைவில் வெடிக்குமா?

பூமிக்கு அருகிலுள்ள இரட்டை விண்மீன் ஒன்று விரைவில் சூப்பர்நோவாவாக வெடித்து நம்மை அழித்துவிடும் என்று பரவும் செய்தி தவறானது. ஏறத்தாழ 150 ஒளியாண்டு தொலைவிலுள்ள இரு வெண்குறு விண்மீன்களை, அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன் எச்சங்களைப் பற்றி, இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் அறிவித்த உண்மையான கண்டுபிடிப்பே இவ்வாறு திரிக்கப்பட்டிருக்கிறது.

அவற்றின் கூட்டு நிறை சூரியனின் நிறையைப்போல் 1.56 மடங்கு, அது ஒரு வெண்குறு விண்மீன் நிலைத்திருக்கக்கூடிய உச்ச நிறையான 1.4 மடங்கை, அதாவது சந்திரசேகர் வரம்பைத் தாண்டுவதால், அவை ஒருநாள் வெடிக்கும் என்பது மெய்தான். ஆனால் ஏறத்தாழ 14 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் அவை, விண்வெளியில் பரவும் ஈர்ப்பு அதிர்வுகளான ஈர்ப்பலைகளாக ஆற்றலை இழந்து, மெல்ல மெல்ல நெருங்கி மோதுவதற்கு இன்னும் சுமார் 2,300 கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் இன்றைய வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். நம் சூரியனோ அதற்கு வெகுகாலம் முன்பே எரிந்து முடிந்திருக்கும். வானியலர் நெடுங்காலமாகத் தேடிவந்த இத்தகைய இணை ஒன்று இவ்வளவு அருகில் கிடைத்த மகிழ்ச்சியை, இந்த வீண் அச்சம் மறைத்துவிட்டது வருத்தத்துக்குரியது.