ஐந்து ஏடிஎம் ஓட்டம்

(மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட் காய்கிறது. திண்ணையில் பாட்டா மரச்சீனிக்குத் தோல் சீவிக்கொண்டிருக்கிறார். பேரன் போனைப் பார்த்தபடியே வருகிறான். முகம் சரியில்லை.)

பாட்டா: என்ன மக்களே, ரப்பர் விலை மறுபடியும் இறங்கிவிட்டதா?

பேரன்: கிரெடிட் கார்டு பில் பாட்டா. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு 10,000 ரூபாய்தான் எடுத்தேன். 30 நாள்கூடத் தாண்டவில்லை, 13,363 கட்டச் சொல்கிறார்கள்.

பாட்டா: கொடைக்கு உன் கார்டு எதற்கு? வீட்டுக்கு வீடு பிரிக்கிற வரிப் பணம் என்ன ஆச்சு?

பேரன்: பாதிகூடப் பிரியவில்லை. கமிட்டிச் செயலாளர் நான்தானே, எல்லாருக்கும் அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாமியார்மடத்தில் பந்தல்காரர், 2,000. அழகியமண்டபத்தில் மைக் செட், 2,000. தக்கலையில் வாழைக்குலை. வில்லுக்குறியில் வில்லுப்பாட்டு அண்ணாச்சி. கடைசியாகத் தோவாளையில் பூ.

பாட்டா: ஒவ்வொரு இடத்திலும் இறங்கி இறங்கியா எடுத்தாய்?

பேரன்: ஆமாம். மொத்தமாக எடுத்தால் கை சும்மா இருக்காது பாருங்கள்.

பாட்டா: சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் போகிறவன் "கோவிந்தா கோபாலா" சொல்லிக்கொண்டே முன்சிறையில் தொடங்கித் திருநட்டாலம்வரை 12 சிவன் கோயில் ஓடுவான், புண்ணியமாவது மிஞ்சும். நீ சாமியார்மடத்தில் தொடங்கித் தோவாளைவரை 5 ஏடிஎம் ஓடியிருக்கிறாய். "கோவிந்தா கோபாலா" சொன்னாயா?

பேரன்: இல்லை.

பாட்டா: சொல்லாமலே கோவிந்தா. சரி, கட்டணம் எவ்வளவு என்று பார்த்தாயா?

பேரன்: அதெல்லாம் பார்க்காமல் இருப்பேனா? 2.5 சதவீதம். 2,000-க்கு 50 ரூபாய். ஐந்து தடவைக்கு 250. கணக்கு சரிதானே?

பாட்டா: கணக்கு சரிதான். அதன் பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருந்ததா?

பேரன்: (போனில் எழுத்தைப் பெரிதாக்குகிறான்) "அல்லது 500 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது."

பாட்டா: இன்னொருக்கா வாசி.

பேரன்: வேண்டாம் பாட்டா.

பாட்டா: ஐந்து ஐந்நூறு?

பேரன்: 2,500. அதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 450. ஆக 2,950.

பாட்டா: 2,000 ரூபாயைக் கையில் வாங்க 590 ரூபாய்! அந்தப் பந்தல்காரனுக்கே உன்னால் இவ்வளவு லாபம் கிடைத்திருக்காது. ஒரே தடவையாக எடுத்திருந்தால் ஒரு 590-ஓடு போயிருக்கும். சரி, மிச்சம் 413 எதற்கு?

பேரன்: வட்டியாம். 50 நாள்வரை வட்டியே கிடையாது என்று கார்டு கொடுக்க வந்த பையன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

பாட்டா: யார் தலையில்?

பேரன்: என் தலையில்.

பாட்டா: அதாக்கும் சங்கதி. அந்தச் சலுகை கடையில் சாமான் வாங்குகிறவனுக்கு. அதிலும் பில்லை முழுதாகக் கட்டுகிறவனுக்கு. ரொக்கம் எடுத்தால், மெஷின் நோட்டைத் துப்பின அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடும். உன் கார்டில் மாதத்துக்கு எவ்வளவு?

பேரன்: மூன்றரை சதவீதம். 350 ரூபாய். அந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி 63.

பாட்டா: (கத்தியைக் கீழே வைக்கிறார்) நீ ஒரே தடவை எடுத்திருந்தால்கூட 590-உம் 413-உம் சேர்த்து 1,003. பத்து வட்டிக்காரன் 10,000-க்கு மாதம் 1,000தான் கேட்பான். இவன் அவனுக்கும் மேலே 3 ரூபாய்.

பேரன்: உங்களுக்கு ஏன் பாட்டா முகம் மாறுகிறது?

பாட்டா: மாறாதா? நானும் ஒரு காலத்தில் வட்டிக்குக் கொடுத்தவனாக்கும். நூற்றுக்கு 3 ரூபாய். கல்யாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்து இலை காலியாகவே கிடக்கும். உன் பாட்டி கோபம் வந்தால் இன்றைக்கும் "மூணு வட்டி" என்றுதான் கூப்பிடுகிறாள். 2003-இல் கந்துவட்டிச் சட்டம் வந்ததும் பாண்டு பத்திரத்தை எல்லாம் கிழித்துப் போட்டேன். இவன் மூன்றரை வாங்குகிறான். இவனை என்னவென்று கூப்பிடுகிறீர்கள்?

பேரன்: ரிலேஷன்ஷிப் மேனேஜர்.

பாட்டா: நல்ல உறவு.

பேரன்: வருஷத்துக்கு 42 சதவீதம் ஆகிறது. கோர்ட்டுக்குப் போனால் என்ன?

பாட்டா: போனார்கள். கார்டு பாக்கிக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையில்லை என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

பேரன்: இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

பாட்டா: பழைய தொழில் மக்களே. பேப்பரில் அந்தச் செய்தி மட்டும் தானாகக் கண்ணில் படும்.

பேரன்: இங்கே ஒரு வழி போட்டிருக்கிறது. மினிமம் ட்யூ என்று ஒரு சின்னத் தொகை, இப்போதைக்கு அதை மட்டும் கட்டினால் போதுமாம்.

பாட்டா: நானும் அப்படித்தான் சொல்வேன். "முதலுக்கு என்ன அவசரம், பைய தந்தால் போதும்" என்பேன். கேட்டவன் கண்கலங்கிப் போவான். முதல் அசையாமல் கிடந்தால்தானே எனக்குப் பிழைப்பு!

பேரன்: அப்படியானால் மொபைல் கடை வைத்திருக்கிற கூட்டாளியிடம் கார்டைத் தேய்த்து, சாமான் வாங்கின மாதிரி காட்டி, ரொக்கமாக வாங்கி இதை அடைக்கலாமா?

பாட்டா: அவன் ஒரு கமிஷன் எடுப்பான். பேங்க் கண்டுபிடித்தால் கார்டை முடக்கும். பேசாமல் அன்றைக்கே பாட்டி சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்திருந்தால் மாதம் ஒரு ரூபாய் வட்டிப் பக்கம்தான் வந்திருக்கும்.

பேரன்: பாட்டி கழற்றித் தருவார்களா?

பாட்டா: (உள்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி) அதற்கு நீ கார்டிலேயே எடுக்கலாம். சரி, இந்தா. ரப்பர் காசு விழுகிற என் டெபிட் கார்டு. 13,500 எடுத்து இன்றைக்கே முழுதையும் கட்டித் தொலை.

பேரன்: வட்டி, பாட்டா?

பாட்டா: ரப்பர் வெட்டுகிற ஆள் நின்றுவிட்டான். அடுத்த கொடைவரை நீ வெட்டு.

பேரன்: விடியற்காலை நாலு மணிக்கா?

பாட்டா: உன் கடனுக்கு வட்டி நாலு மணிக்குத் தூங்கிக்கொண்டா இருந்தது?

(பேரன் கார்டை வாங்கிக்கொண்டு பைக்கை உதைக்கிறான்.)

பாட்டா: லேய், எந்த ஏடிஎம்முக்குப் போகிறாய்?

பேரன்: முதலில் சாமியார்மடத்தில் கொஞ்சம் எடுத்துவிட்டு...

பாட்டா: கோவிந்தா! கோபாலா!